முதுகுக்கு வேண்டியது மாதங்கள்

(புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் முன்னாள் படைவீரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கூடிய கூட்டத்தில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முன்வரிசையில் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. பின்னால் சுவரோரம் பலர் நிற்கிறீர்கள். இடமில்லாமல் நிற்கவில்லை, உட்கார முடியாமல் நிற்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தாராளமாக நில்லுங்கள். நடக்கத் தோன்றினால் நடங்கள். பேசுகிறவருக்கு மரியாதை என்று ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பது உங்கள் இடுப்புக்கு நல்லதல்ல, எனக்கும் அப்படிப்பட்ட மரியாதை வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு மேல் விடாமல் இருக்கும் இடுப்புவலியை நாள்பட்ட வலி என்கிறோம். அதற்குக் கத்தி வைக்காத சிகிச்சை, படையிலிருந்து வந்தவர்களுக்குக் கிடைக்கிறதா என்பதுதான் இன்றைய பேச்சு. காகிதத்தில் கிடைக்கிறது. நடப்பில் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. நாள்பட்ட முதுகு தேறுவதற்கு மாதங்கள் வேண்டும். வாரம் இரண்டு முறை, மூன்று முறை என்று ஒருவர் கூடவே இருந்து சொல்லித்தர வேண்டும். நம்முடைய மருத்துவத் திட்டங்களோ ஒரு ஸ்கேன், ஒரு அட்மிஷன், ஒரு ஆப்பரேஷன் என்று தனித்தனி நிகழ்வுகளுக்குப் பணம் கொடுக்கப் பழகியவை. என் மனத்தில் உள்ள குறை இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து பிறப்பவை.

தட்டாஞ்சாவடியில் இதைப் பேசுவதில் எனக்கு ஒரு நிறைவு. முதுகை வைத்துப் பிழைக்கும் ஊர் இது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் தொழிற்பேட்டையில் நாள் முழுக்க எந்திரத்தின் முன் நிற்கிறவர்களும் என்னிடம் சொல்லும் வலிக்கும் நீங்கள் சொல்லும் வலிக்கும் வேறுபாடு அதிகமில்லை. வேறுபாடு ஒன்று உண்டு. அவர்கள் வலித்தால் வலிக்கிறது என்கிறார்கள். நீங்கள் சொல்வதில்லை.

அது உங்கள் குற்றமல்ல, பயிற்சியிலேயே வந்தது. யூனிட்டில் சிக் ரிப்போர்ட் போட்டவனை மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வேலையிலிருந்து தப்பிக்கிறான் என்ற ஒரு சொல் போதும், அடுத்த முறை அவன் எம்.ஐ. ரூம் என்ற மருத்துவ அறைப் பக்கமே போகமாட்டான். இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பரேடுக்குப் போவான். லோ மெடிக்கல் கேட்டகரி ஆகிவிட்டால் பதவி உயர்வும் கோர்ஸும் நல்ல போஸ்டிங்கும் போய்விடும் என்ற அச்சம் வேறு. இப்படி இருபது ஆண்டு மறைத்த வலியைத்தான் ஓய்வு பெற்று வந்து முதல்முறையாக வாய்விட்டுச் சொல்கிறீர்கள். அதற்குள் அது பழைய வலியாகிவிட்டது.

அந்த முதுகு எதைச் சுமந்தது என்று குடும்பத்தாருக்கும் தெரியவேண்டும். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் ‘தம்பி’கள் இங்கே இருக்கிறீர்கள். பெய்லி பாலம் போடுகிறபோது ஒரு இரும்புச் சட்டத்தின் எடை ஏறக்குறைய 260 கிலோ, தூக்குவது ஆறு பேர். ஆளுக்கு நாற்பத்து மூன்று கிலோ. பீரங்கிப் படையில் 155 மில்லிமீட்டர் குண்டு ஒன்றின் எடையும் ஏறக்குறைய அதே நாற்பத்து மூன்று கிலோதான். 1999 கார்கில் போரில் போஃபர்ஸ் பீரங்கிகள் ஓயாமல் சுட்டதைப் படித்தோம், டி.வி.யில் பார்த்தோம். ஒவ்வொரு குண்டையும் ஒரு மனிதன் குனிந்து நிமிர்ந்து தூக்கியிருக்கிறான் என்று அப்போது யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. 1984 ஏப்ரலில் தொடங்கிய சியாச்சின் காவலில் மூச்சுவிடவே பாடுபடும் உயரத்தில் சுமையோடு ஏறியவர்கள், மலைப்பாதையில் கனரக வண்டி ஓட்டி ஒவ்வொரு குலுக்கலையும் இடுப்பெலும்பில் வாங்கியவர்கள், பாராசூட்டில் குதித்தவர்கள் என்று இந்தப் பட்டியலை நீங்களே நீட்டலாம். பிறகு முப்பத்தேழு, நாற்பது வயதில் வீட்டுக்கு வருகிறீர்கள். பென்ஷன் போதாது, பிள்ளைகள் படிக்கிறார்கள். ஏ.டி.எம். வாசலிலோ கம்பெனி கேட்டிலோ பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் காவல் வேலை. முதுகுக்கு ஓய்வு வயது என்று ஒன்று வரவே இல்லை.

இனி மருத்துவத்துக்கு வருகிறேன். உங்களில் பலர் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். படையில் இருந்தவர்கள் ‘பி.ஐ.வி.டி.’ என்று சொல்வீர்கள். வீட்டில் ஜவ்வு விலகிவிட்டது, தட்டு தேய்ந்துவிட்டது என்பார்கள். அந்தக் காகிதம் ஏற்படுத்தும் பயம் பல நேரங்களில் வலியைவிடப் பெரிது. 2015இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை எடுத்துப் பார்த்தது. இருபது வயதுக்காரர்களில் 37 விழுக்காட்டினருக்குத் தட்டுத் தேய்மானம் இருந்தது. எண்பது வயதில் 96 விழுக்காடு. தட்டு பிதுங்கியிருப்பது இருபது வயதில் 30 விழுக்காடு, எண்பதில் 84. இவர்கள் யாருக்கும் வலி இல்லை என்பதை மறுபடியும் சொல்கிறேன். தலை நரைப்பதுபோல் தட்டும் தேய்கிறது. எனவே ஐம்பது வயதுக்காரரின் ஸ்கேனில் எல்-4, எல்-5 தட்டு பிதுங்கல் என்று எழுதியிருந்தால், அவர் வலிக்குக் காரணம் அதுதான் என்று அந்த ஒரு வரியை வைத்து முடிவு கட்ட முடியாது. கத்தி எடுக்கவும் அந்த ஒரு வரி போதாது.

ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய அறிகுறிகள் சில உண்டு. தாய்மார்கள் இதைக் கவனித்துக் கேளுங்கள், ஏனென்றால் இவர்கள் வீட்டில் சொல்லமாட்டார்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, அறியாமல் போய்விட்டாலோ, மலம் கட்டுக்குள் இல்லாவிட்டாலோ, உட்காரும் இடமும் தொடையிடுக்கும் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவினாலோ அன்றைக்கே காட்டுங்கள். மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, உடல் மெலிவு இவற்றோடு முதுகுவலி இருந்தால் எலும்புக் காசநோயா என்று பார்க்கவேண்டும்; நம் நாட்டில் அது அரிதல்ல. முன்பு புற்றுநோய் வந்தவர், கீழே விழுந்தவர், நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர் இவர்களும் தாமதிக்கக்கூடாது. இந்த நிலைகளில் சிலவற்றுக்கு அறுவை சிகிச்சை காலையே காப்பாற்றும். அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கு எதிராக நான் பேசவில்லை. அவர்களிடம் போகத் தேவையே இல்லாத பெரும்பாலானவர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

அந்தப் பெரும்பாலானவர்களுக்கு என்ன செய்யவேண்டும் என்பதில் இன்று உலக அளவில் ஒத்த கருத்து வந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61.9 கோடி பேருக்கு இடுப்புவலி இருந்ததாகக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கு அறுவை இல்லாத சிகிச்சை பற்றித் தன் முதல் வழிகாட்டியை வெளியிட்டது. வலியைப் பற்றிய தெளிவை நோயாளிக்குக் கொடுப்பது, உடற்பயிற்சித் திட்டம், கையால் செய்யும் சில சிகிச்சைகள், மசாஜ், வலியோடு வாழும் மனத்தைத் தேற்றும் உளவியல் சிகிச்சை, தேவைக்கு அழற்சி குறைக்கும் மாத்திரை ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. வேண்டாம் என்று அது சொல்பவை நம் ஊர் நடைமுறையை நேராகத் தொடுகின்றன. இடுப்பு பெல்ட் வேண்டாம். ட்ராக்‌ஷன் என்று இழுவை போடுவது வேண்டாம். அல்ட்ராசவுண்டு வைப்பதும், டென்ஸ் என்று கரன்ட் வைப்பதும் வழக்கமான சிகிச்சையாக வேண்டாம். அபின் வகை வலி மருந்துகளும் வேண்டாம்.

இதைக் கேட்டால் சிலருக்கு வருத்தம் வரும். பத்து நாள் போய்ப் படுத்து, கரன்ட் வைத்து, இழுவை போட்டு, பெல்ட் கட்டிக்கொண்டு வந்ததைத்தான் பிசியோதெரபி என்று நாம் நம்பியிருக்கிறோம். என் தொழிலைச் சேர்ந்தவர்களிடமே சொல்கிறேன்: வரிசையாகக் கட்டில் போட்டு எந்திரத்தை மாட்டிவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போவது எளிது. ஒருவரைக் குனியவைத்து, எழவைத்து, எந்த அசைவுக்கு அவர் அஞ்சுகிறார் என்று கண்டு, அந்த அச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போக்குவதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குத்தான் யாரும் பணம் தருவதில்லை.

படுத்தே கிடப்பதும் தீர்வல்ல. அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோ என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1986லேயே ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இரண்டு நாள் படுத்தவர்களைவிட ஏழு நாள் படுத்தவர்கள் எந்த வகையிலும் மேலாகத் தேறவில்லை. வேலைக்குப் போகாத நாள் மட்டும் கூடியது. ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து நடந்து 2024இல் வெளியான ஆய்வு இன்னும் எளிய செய்தியைச் சொன்னது. இடுப்புவலி வந்து தேறியவர்களில் ஒரு பாதியினருக்கு, இயன்முறை மருத்துவர் வழிகாட்ட, படிப்படியாக நடைப்பயிற்சி கொடுத்தார்கள். வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் என்பது இலக்கு. நடந்தவர்களுக்கு வலி திரும்பி வர 208 நாள் ஆனது. நடக்காதவர்களுக்கு 112 நாள். இவை இரு தரப்பின் இடைநிலைக் கணக்குகள். கடற்கரைச் சாலையும் தாவரவியல் பூங்காவும் இருக்கும் ஊரில் நாம் வாழ்கிறோம்.

வேற்று நாட்டு முன்னாள் படைவீரர்களின் கதை ஒன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அவர்கள் விலை கொடுத்துக் கற்றது நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் வீரர்களுக்கென்றே அரசு நடத்தும் மருத்துவமனைகள் உண்டு. அங்கே நீண்ட காலம் முதுகுவலிக்கு அபின் வகை மாத்திரைகளை அள்ளிக் கொடுத்தார்கள். பலர் அதற்கு அடிமையானார்கள், உயிரையும் இழந்தார்கள். அந்த மருத்துவமனைகளிலேயே முதுகு, இடுப்பு, முழங்கால் வலியுள்ள 240 பேரை ஓராண்டு கவனித்து 2018இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அபின் வகை மருந்து உண்டவர்களின் நடமாட்டம், சாதாரண மாத்திரை உண்டவர்களைவிட மேம்படவில்லை. பக்கவிளைவுதான் அதிகம். நம் நாட்டில் ட்ராமடால் மாத்திரையை 2018இல் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். வலிக்கிறது என்று கடையில் பழைய சீட்டைக் காட்டி அதை வாங்காதீர்கள்.

அந்த மருத்துவமனைகளை நடத்தும் முன்னாள் வீரர் துறை 2017இல் யோகா, மசாஜ், அக்குபங்சர், தியானம், தாய்ச்சி ஆகியவற்றைத் தன் மருத்துவ உரிமைப் பட்டியலில் எழுத்து வடிவில் சேர்த்தது. அந்த ஆண்டே சான் டியேகோவில் நாள்பட்ட இடுப்புவலியுள்ள 150 முன்னாள் வீரர்களில் ஒரு பிரிவினருக்குப் பன்னிரண்டு வாரம், வாரம் இரு முறை யோகா சொல்லிக்கொடுத்த ஆய்வும் வெளியானது. பன்னிரண்டாம் வார முடிவில் அன்றாட வேலை செய்யும் திறனில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆறாம் மாதத்தில்தான் யோகா செய்தவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். எனக்கு இந்த ஆய்வில் பிடித்த பகுதி இதுவே. மூன்று மாதத்தில் நிறுத்தி அளந்துவிட்டுப் பயனில்லை என்று கோப்பை மூடியிருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. பத்து சிட்டிங்கில் கோப்பை மூடுகிற நாம் எதைக் காணாமல் விடுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். 2003 ஏப்ரல் 1 அன்று இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் பங்களிப்புச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. அதற்கு முன் ஓய்வு பெற்ற சிப்பாய்க்கு ராணுவ மருத்துவமனை மட்டும்தான். இங்கிருந்து சென்னைக்கு நூற்றைம்பது கிலோமீட்டர். இடுப்புவலிக்காரர் பஸ்ஸில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து போய், வரிசையில் நின்று, மாத்திரை வாங்கி, மறுபடி நான்கு மணி நேரம் உட்கார்ந்து வந்தால் மாத்திரையின் பலன் திண்டிவனத்திலேயே தீர்ந்துபோகும். அந்த நிலையை இந்தத் திட்டம் மாற்றியது. அதற்கு நன்றி சொல்லவேண்டும். உள்ளூர் பாலிகிளினிக்கில் பார்க்கலாம், அவர்கள் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கோ அரசு மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள், மனைவிக்கும் சார்ந்தோருக்கும் உண்டு. 1996க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குச் சந்தாத் தொகையும் கிடையாது.

ஆனால் முதுகுக்கு இந்தத் திட்டம் எப்படி வேலை செய்கிறது? பாலிகிளினிக்குகளை அந்தப் பகுதியில் உள்ள முன்னாள் வீரர்களின் எண்ணிக்கையை வைத்து ஏ, பி, சி, டி என்று பிரித்து, அதற்கேற்ப மருத்துவர்களையும் ஊழியர்களையும் நியமிக்கிறார்கள். ஆள் குறைந்த ஊரில் வசதியும் குறையும். பெரிய சிகிச்சை என்றால் வெளியே அனுப்பிவிடலாம். முதுகுவலிக்கு வேண்டியதோ பக்கத்தில், அடிக்கடி, ஒரே ஆள் பார்க்கும் சிறிய சிகிச்சை. அதை வெளியே அனுப்பிச் செய்வது கடினம். ஒவ்வொரு முறையும் பரிந்துரைச் சீட்டு, அதற்கு ஒரு காலவரம்பு, இத்தனை சிட்டிங் என்று ஓர் எண். அது தீர்ந்தால் மறுபடி பாலிகிளினிக், மறுபடி வரிசை. கூலியை விட்டுவிட்டு இதற்காக எத்தனை நாள் அலைவார் ஒரு காவலாளி?

மறுபக்கம் மருத்துவமனையின் கணக்கைப் பாருங்கள். மத்திய அரசு நிர்ணயித்த கட்டணப் பட்டியலில் முதுகெலும்பு அறுவைக்கு மொத்தமாக ஒரு தொகை உண்டு; பிசியோதெரபிக்கு ஒரு சிட்டிங்குக்கு இவ்வளவு என்று மிகச் சிறிய தொகை. நாற்பத்தைந்து நிமிடம் ஒருவரோடு நின்று பயிற்சி கொடுப்பதற்கு அந்தத் தொகை கட்டுப்படியாகாது. எனவே எந்திரத்தை மாட்டிவிடுகிறார்கள். எந்திரத்தில் சரியாகவில்லை, நாங்கள் எல்லாம் செய்து பார்த்துவிட்டோம், இனி ஆப்பரேஷன்தான் என்று முடிகிறது. நடுவில் செய்திருக்கவேண்டிய உண்மையான சிகிச்சையை யாரும் செய்யவே இல்லை. தனி மருத்துவர்களின் பேராசை என்று இதைச் சுருக்கிவிடாதீர்கள். நல்லவர்களையும் அந்த வழியில் தள்ளும் அமைப்பு இது. முதுகில் ஊசி போடும் சிகிச்சைகளும் இதே கதைதான். நாள்பட்ட முதுகுவலிக்கு அவற்றை வழக்கமாகப் போடவேண்டாம் என்று 2025 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டி சொன்னது. வலிநீக்கத் துறை மருத்துவர்கள் பலர் அதை மறுத்தும் எழுதினார்கள். அந்த விவாதம் முடியட்டும். ஊசிக்குச் சம்மதிக்கும் முன் இதைக் கேளுங்கள்: முறையான உடற்பயிற்சி எனக்கு மூன்று மாதமாவது தரப்பட்டதா?

புதுச்சேரியில் முன்னாள் படைவீரர் என்றால் ஒரே கொடியின்கீழ் இருந்தவர்கள் மட்டுமல்ல. நம் ஊரில் ‘சொல்தா’ என்ற பிரெஞ்சுப் படைவீரர் வீடுகள் உண்டு. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இணைப்பு முடிந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையோடு தங்கிய குடும்பங்கள் அவை. அப்பா இந்தோசீனாவிலோ அல்ஜீரியாவிலோ இருந்திருப்பார், மகனும் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஓய்வு பெற்று வந்திருப்பார். கடற்கரையில் 1938இல் எழுப்பிய போர் நினைவுச் சின்னம் அவர்களுக்கும் முந்திய தலைமுறையின் கணக்கு. இவர்களில் யாராவது இங்கே வந்திருந்தால், பாலிகிளினிக் பேச்சு தனக்கு இல்லை என்று எழுந்து போகாதீர்கள். பிரெஞ்சுச் சட்டப்படி எந்தக் காயத்துக்கு அல்லது நோய்க்குப் படை ஊன ஓய்வூதியம் கொடுத்தார்களோ, அதற்கான சிகிச்சைச் செலவை அரசு ஏற்கவேண்டும். உங்கள் ஓய்வூதியத் தாளில் முதுகெலும்பு எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிள்ளைகளில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவரை உட்காரவைத்து வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். எழுதியிருந்தால் துணைத் தூதரகத்தில் கேளுங்கள். பிரான்சில் ஊற்றுநீர்ச் சிகிச்சைக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மூன்று வாரம், அதில் பதினெட்டு நாள் சிகிச்சை என்று காப்பீடே முறை வகுத்து வைத்திருக்கிறது. அந்த நீரின் மகிமை பற்றி எனக்குக் கருத்து இல்லை. ஆனால் பதினெட்டு நாள் தொடர்ந்து என்ற எண்ணம் திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது பாருங்கள், அதைத்தான் நாம் கேட்கவேண்டும்.

கேட்பதற்கு நம்மைச் சுற்றி இடம் இல்லையா? தட்டாஞ்சாவடியை ஒட்டியே கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கோரிமேட்டில் ஜிப்மர். 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசு அது. உடலியல் மறுவாழ்வுக்கென்றே தனித் துறை வைத்திருக்கிறது. யோகா சிகிச்சைக்கும் ஆய்வுக்கும் 2008இல் அங்கே ஒரு மையம் தொடங்கினார்கள். சுவாமி கீதானந்த கிரி 1968இல் ஆனந்த ஆசிரமத்தைத் தொடங்கி, உலகெங்கிலுமிருந்து மருத்துவர்கள் வந்து யோகா கற்ற ஊர் இது. ஜனவரி தோறும் அரசே யோகா விழா நடத்துகிறது. சான் டியேகோவில் ஒரு முன்னாள் மாலுமி தன் உரிமையாகக் கேட்டுப் பெறும் சிகிச்சையை, அது பிறந்த நாட்டில், அதற்குப் பேர்போன நகரத்தில், ஒரு ஹவில்தார் தன் கைக்காசில்தான் தேடிப் போகவேண்டியிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

சித்த மருத்துவமும் அப்படியே. குயவர்பாளையத்தில் மத்திய சித்த ஆராய்ச்சிக் குழுவின் மண்டல நிறுவனம் இருக்கிறது. தொக்கணம், ஒற்றடம், வர்மம் என்று கையால் செய்யும் முறைகள் நம்மிடம் பழமையானவை. உலக சுகாதார நிறுவனம் மசாஜ் என்று எழுதியிருப்பதற்கு நம் ஊர் உறவு தொக்கணம்தான். பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் செய்துகொள்வதை நான் தடுக்கமாட்டேன். தைலம் தேய்த்துத் தசை இளகிய பிறகு உடற்பயிற்சி செய்ய எளிதாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தைலத்தோடு நின்றுவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். முதுகில் ஏறி மிதிக்கிறவரிடமும், ஒரே திருப்பில் ஜவ்வை உள்ளே தள்ளுகிறேன் என்பவரிடமும் போகவே போகாதீர்கள், குறிப்பாக அறுபது தாண்டியவர்கள். எலும்பு வலுவிழந்திருந்தால் முறிந்துவிடும். பாதுகாப்பு அமைச்சகம் 2022 மே மாதம் 37 கன்டோன்மென்ட் மருத்துவமனைகளில் ஆயுர்வேதப் பிரிவு திறந்தது. நல்ல தொடக்கம். ஆனால் புதுச்சேரியில் கன்டோன்மென்ட் இல்லை. கன்டோன்மென்ட் இல்லாத ஊர்களில்தானே பெரும்பாலான முன்னாள் வீரர்கள் வாழ்கிறார்கள்?

எனவே நம் சங்கங்கள் எழுதவேண்டிய மனு எளிது. பாலிகிளினிக் பரிந்துரையில் பத்து சிட்டிங் என்று எழுதாமல், மூன்று மாதக் குழு உடற்பயிற்சித் திட்டம் என்று ஒரே சீட்டில் எழுத வழி செய்யவேண்டும். ஜிப்மரோடும் கதிர்காமத்தோடும் பேசி, வாரம் இரு மாலை, வேலை முடிந்து வரக்கூடிய நேரத்தில், இந்தப் பகுதியிலேயே ஒரு கூடத்தில் அதை நடத்தவேண்டும். இருபது பேருக்கு ஒரு இயன்முறை மருத்துவர், ஒரு யோகா ஆசிரியர் போதும். எந்திரம் எதுவும் வேண்டாம். ஒன்றாக வரிசையில் நின்று பயிற்சி செய்வதில் உங்களைவிடத் தேர்ந்தவர்கள் யார்? பெண்களுக்கும் இடம் வேண்டும். கணவர் எல்லையில் இருந்த ஆண்டுகளில் தண்ணீர்க் குடமும் பிள்ளையும் கேஸ் சிலிண்டருமாகத் தூக்கியவர்கள் அவர்கள். அவர்கள் பெயரிலும் இ.சி.எச்.எஸ். அட்டை இருக்கிறது. முதுகுக்காக அதை எடுத்துப்போனவர்கள் மிகக் குறைவு.

சிலர் என்னிடம் தனியாகக் கேட்பதை இங்கே பொதுவில் சொல்கிறேன். “டாக்டர் சார், எனக்குக் குணமாகிவிட்டால் டிசபிலிட்டி பென்ஷனை நிறுத்திவிடுவார்களா?” இந்த அச்சத்தில் பயிற்சியைப் பாதியில் விட்டவர்கள் உண்டு. நிரந்தர ஊனம் என்று மதிப்பிட்டதை அடிக்கடி மறுபரிசோதனைக்கு அழைக்கும் பழைய முறையைப் பாதுகாப்பு அமைச்சகம் 2001லேயே கைவிட்டது. நன்றாக நடப்பதற்காக உங்கள் பென்ஷன் போகாது. இன்னும் பென்ஷனே வராதவர்களுக்கு: ‘படைச் சேவையால் வந்ததல்ல, சேவையால் அதிகமானதும் அல்ல’ என்று மெடிக்கல் போர்டு எழுதிவிட்டது என்று மனம் தளர்ந்துவிடாதீர்கள். தரம்வீர் சிங் வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், சேரும்போது நோய் இருந்ததாகப் பதிவு இல்லையென்றால் நல்ல உடல்நிலையில் சேர்ந்ததாகவே கொள்ளவேண்டும், பிறகு வந்த நோய்க்குச் சேவை காரணமல்ல என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. 2023இல் விதிகளை மாற்றி எழுதியிருக்கிறார்கள். எந்த ஆண்டில் வெளிவந்தீர்கள் என்பதைப் பொறுத்து எந்த விதி பொருந்தும் என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

கடைசியாக, இந்தக் கூடத்தில் இல்லாதவர்களைப் பற்றி. 2022 ஜூன் 14 அன்று அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த நம் பிள்ளைகளின் முதல் அணிக்கு 2026 இறுதியிலும் 2027 தொடக்கத்திலுமாக நான்கு ஆண்டு முடிகிறது. அதிகபட்சம் நான்கில் ஒரு பங்கினரைப் படை வைத்துக்கொள்ளும். மற்றவர்கள் இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதில் வீட்டுக்கு வருவார்கள். அவர்களுக்குப் பென்ஷன் இல்லை, இ.சி.எச்.எஸ். அட்டையும் இல்லை. சேவையால் ஊனம் ஏற்பட்டால் 50, 75, 100 விழுக்காடு என்ற அளவுகளுக்கு ஒரு முறை இழப்பீடு உண்டு: 15 லட்சம், 25 லட்சம், 44 லட்சம். முதுகுவலி ஐம்பது விழுக்காட்டைத் தொடுவது அரிது. ஆக, சுமை தூக்கிய முதுகோடு வரும் பையன் நேராகக் கதிர்காமத்து ஓ.பி. வரிசையில் போய் நிற்பான். அவர்களுக்கும் அட்டை வேண்டும் என்று நாம் கேட்டாகவேண்டும். அது வருகிறவரை உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால், இன்றிரவே போன் செய்து இரண்டு காரியம் சொல்லுங்கள். வலித்தால் மறைக்காமல் சிக் ரிப்போர்ட் போடு. வெளியே வரும் முன் உன் மருத்துவப் பதிவுகளின் நகலை, ஒரு தாள் விடாமல், எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு வா. வந்ததும் என்னிடமோ என் போன்ற யாரிடமோ அந்தத் தாள்களோடு அனுப்பி வையுங்கள். மூன்று மாதப் பயிற்சியை அன்றைக்கே தொடங்கிவிடலாம்.